யாரும் இல்லாத இடம் யாருடையது?

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதையில் இரண்டு நாள் நடந்தேன் என்று. பையில் ஒரு போர்வை, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிசாதம். ராத்திரி ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்தில் படுக்கை. மறுநாள் காலையில் நாலு மணி நேரம் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். மொத்தம் நாலு வரி. கட்டுரை வேறு எதைப் பற்றியோ.

வந்த கடிதம், போன் எல்லாம் அந்த நாலு வரியைப் பற்றித்தான். கட்டுரையை யாரும் சீந்தவில்லை.

‘‘சார், அந்த இடம் எதுன்னு மட்டும் சொல்லிடுங்க.’’

பதினேழு பேர் கேட்டார்கள். பதினாறு பேரிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். பதினேழாவது ஆளிடம் மாட்டிக்கொண்டேன்.

அவருக்குச் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பட்டுப்புடவை செக்‌ஷனில் நிற்கிறார். நிற்கிறார் என்றால் நிஜமாகவே நிற்கிறார். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ‘‘நாற்காலி வந்துடுச்சு சார், உக்காரத்தான் நேரம் வரல’’ என்று சிரித்தார். வீடு, ஒரு ரூமும் ஒரு கிச்சனும். அஞ்சு பேர். காலையில் பாத்ரூமுக்கு க்யூ, பஸ்ஸுக்கு க்யூ, கடையில் ‘இந்த பார்டர் வேணாம், அந்த கலர் எடுங்க’ என்று நாள் முழுக்கக் குரல்கள், ராத்திரி வீட்டுக்குப் போனால் டி.வி.

‘‘எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். ஒரு நாலு மணி நேரம், யாரும் என்னைக் கூப்பிடாம இருக்கணும்.’’

நான் வழக்கமான பல்லவியைப் பாடினேன். வழி சரியில்லை, பஸ் கிடையாது, பாம்பு இருக்கும், இத்யாதி. பாதி பொய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘அப்ப நீங்க போகலாம், நாங்க போகக் கூடாதா சார்?’’

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். ‘‘சரி சார், வெச்சுடறேன்’’ என்று வைத்தும் விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

*

படித்தது பி.காம். மனசு சரியில்லை என்றால் கணக்குப் போடுவது என் வழக்கம். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். மாநிலத்தையே சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குச் சுமார் 44 சென்ட் வரும். கலெக்டர் ஆபீஸ், கண்மாய், பஸ் ஸ்டாண்டு, சுடுகாடு எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொருவரும் அவரவர் 44 சென்ட்டின் நடுவில் போய் நின்றால் பக்கத்து ஆள் ஏறக்குறைய 42 மீட்டர் தள்ளி நிற்பார். கூப்பிடு தூரம்கூட இல்லை. சாதாரணமாகத் தும்மினாலே ‘நூறு வயசு’ என்று அங்கிருந்து வாழ்த்தலாம்.

சென்னையின் கணக்கு இன்னும் மோசம். அதே கணக்கெடுப்பில், எல்லை விரிவாவதற்கு முந்தைய சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு 400 சதுர அடி. மெரினா பீச்சையும் சேர்த்து!

காடு? அரசுக் கணக்கில் வனமாகப் பதிவாகியிருப்பது சுமார் 22,900 சதுர கிலோமீட்டர். ஆளுக்கு எட்டு சென்ட்டுக்கும் குறைவு. அந்த எட்டு சென்ட்டில்தான் யானையும் இருக்கிறது, காட்டெருமையும் இருக்கிறது, காலங்காலமாகக் காட்டிலேயே வாழும் மக்களும் இருக்கிறார்கள்.

அதாவது, நான் அன்று அனுபவித்த நாலு மணி நேரத் தனிமை என்பது என் பங்கு 44 சென்ட்டில் கிடைத்தது அல்ல. எத்தனையோ பேருடைய 44 சென்ட்டுகளை நான் ஒருவனே அந்தக் காலையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வரவில்லை, அதனால் எனக்குக் கிடைத்தது.

உலகத்தில் இரண்டு வகைப் பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று, தேர் மாதிரி. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வேண்டும். ஆள் கூடக் கூட எல்லோருக்கும் சந்தோஷம் கூடும். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். சித்ரா பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு ஏறுவதில்தான் அவர்களுக்குத் தெம்பே. ‘கூட்டம் ஜாஸ்தி’ என்று ஒருவரும் திரும்பிப் போவதில்லை.

இன்னொரு வகை, பகிர்ந்தால் காணாமல் போவது. ஃப்ரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார அறிஞர் 1976-ல் ஒரு புத்தகத்தில் இந்தச் சங்கதியைப் பிடித்தார். ‘பொசிஷனல் குட்ஸ்’ என்று பெயர் வைத்தார். சோறு, துணி போன்றவற்றை இன்னும் நிறைய உற்பத்தி செய்துகொள்ளலாம். ஆனால், ஊருக்கு வெளியே அமைதியான வீடு என்பதை அப்படி உற்பத்தி செய்ய முடியாது. எல்லோரும் ஊருக்கு வெளியே போனால் ஊரும் கூடவே வந்துவிடும். தனிமையான மலைப்பாதையும் அந்த ஜாதி. ஒருவருக்குக் கிடைத்தால் அது தனிமை. நூறு பேருக்குக் கிடைத்தால் அது பொருட்காட்சி.

‘அப்படியென்றால் நீங்கள் வாயை மூடிக்கொண்டது சரிதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணமும் இருக்கிறது. அதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

*

பத்திரிகைக்கு வந்த புதிது. முப்பது வயது தாண்டவில்லை. தமிழ்நாட்டில் ஒரு மலையோரக் கிராமம். அங்கே ஒரு ஓடை. பாறை இடுக்கில் இறங்கி ஒரு சின்ன மடுவாகத் தேங்கி, மறுபடி வழிந்து போகும். ஒரு சாயந்திரம் முழுக்க அதன் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பரவசத்தோடு ஒரு பக்கம் எழுதினேன். ஊர் பெயர், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ‘இப்படி ஒரு இடம் இருப்பது யாருக்கும் தெரியாது’ என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி வேறு. சன்மானம் 750 ரூபாய். நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

மூன்று வருஷம் கழித்து மறுபடி போனேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே வேன்கள் வரிசை கட்டி நின்றன. பஜ்ஜிக் கடை, வறுத்த மீன் கடை. மடுவில் ஷாம்பு பாக்கெட்டுகள் மிதந்தன. பாறையில் வெள்ளைப் பெயின்ட்டில் காதலர்களின் பெயர்கள். உடைந்த பாட்டில்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். இதெல்லாம் நீங்கள் எங்கேயும் பார்க்கிற காட்சிதான். இதற்காக நான் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

திரும்பும்போது டீக்கடைத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

‘‘முன்னெல்லாம் பொழுது சாயறப்ப பொம்பளைங்க எல்லாம் அங்கதான் போயி குளிப்போம். ஆம்பளைங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க. இப்ப எங்க? எவனெவனோ கேமராவைத் தூக்கிட்டு நிக்கறான். வீட்டுக்குப் பின்னால தட்டி கட்டி, கொடத்துல தண்ணி தூக்கிட்டு வந்து ஊத்திக்கிறோம்.’’

‘‘எப்பலேர்ந்து இப்படி?’’ என்றேன், தெரிந்துகொண்டே.

‘‘பேப்பர்ல யாரோ போட்டுட்டாங்களாம்ப்பா. நல்லா இருக்கட்டும்.’’

அந்த ‘நல்லா இருக்கட்டும்’ வாழ்த்தா, சாபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ‘நான்தான் பாட்டி அது’ என்று சொல்லும் தைரியம் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அன்று எனக்கு உறைத்த விஷயம் இதுதான். நான் ‘யாருக்கும் தெரியாது’ என்று எழுதிய இடம், ஒரு ஊருக்கே தெரிந்த இடம். நான் கண்டுபிடித்த தனிமை, அந்தப் பெண்களின் தனிமை. காலங்காலமாக அந்த ஊர் ஆண்கள் சாயந்திரமானால் அந்தப் பக்கம் போகாமல் இருந்து அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நான் அன்று சாயந்திரம் பரவசமாக உட்கார்ந்திருந்தபோது, எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டு, குளிக்காமல் திரும்பிப் போனார்களோ?

வரவு 750 ரூபாய். பற்று என்னவென்று எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அதற்குப் பிறகு நான் எந்த இடத்தின் பெயரையும் எழுதுவதில்லை.

*

ஒரு இடத்துக்குப் பெயர் சொல்வது எவ்வளவு பலமான காரியம் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் குகைப் பள்ளத்தில் 1991-ல் ‘குணா’ படம் எடுக்கப்பட்டது. அதோடு அது குணா குகை ஆகிவிட்டது. கூட்டம் வந்தது. உள்ளே விழுந்து உயிர்கள் போயின. உள்ளே போகும் வழி அடைக்கப்பட்டது. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த ஒரு நண்பர் கூட்டத்தில் ஒருவர் உள்ளே விழுந்து, இன்னொரு நண்பர் இறங்கி மீட்டார். அந்தக் கதை 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற படமாக வந்ததும் மறுபடி கூட்டம்.

அதே 2024 மே 7 முதல், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2025 கோடையில் எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரேஷன் கடை வழக்கப்படி அளந்து கொடுத்த பிறகே இவ்வளவு!

ஆனால், மௌனமாக இருப்பதும் அப்படியொன்றும் புனிதமான காரியம் இல்லை என்பதை ஜவுளிக்கடைக்காரர் எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நான் எழுதவில்லை. சரி. ஆனால், எனக்குத் தெரியும். என் நண்பர்கள் நாலைந்து பேருக்குத் தெரியும். அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? லீவு போட முடிந்தவர்கள், நல்ல ஷூ வாங்க முடிந்தவர்கள், தனி அறையில் தூங்குகிறவர்கள். அதாவது, ஏற்கெனவே தனிமை இருக்கிறவர்கள். எஸ்டேட் பங்களாக்களில் ஒரு ராத்திரிக்கு ஐந்து இலக்கத்தில் பணம் கட்டினால் பறவைச் சத்தத்தோடு தனிமை கிடைக்கிறது. தனிமை யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்கு விலையும் கட்டுப்படியாகாது, வழியும் தெரியாது. ‘ரகசியமாக வைத்துக் காப்பாற்றுகிறோம்’ என்று நாம் சொல்வது, சில நேரம், இருப்பவனே வைத்துக்கொள்வது என்பதற்கு இன்னொரு பெயர்தான்.

‘காதோடு காதாக நல்லவர்களுக்கு மட்டும் சொல்லலாம்’ என்பார்கள். நம் ஊரில் காதோடு சொல்வது எந்தக் காது வரை போகும்? சொந்தக்காரன், சாதிக்காரன், கூடப் படித்தவன். அத்தோடு நின்றுவிடும்.

ரகசியப் பாதைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தேனி மாவட்டம் குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். யாரும் வராத இடம் என்றால் ஆபத்துக்கும் யாரும் வர மாட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கும் உதவிக்கு முதலில் ஓடியவர்களில் அந்த மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் மலை ஏறுகிறோமோ, அவர்கள்.

*

என்னதான் செய்வது?

பதில் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. எங்கள் பழைய வீட்டில் கிடைத்தது.

தாத்தா வீட்டில் பதினொரு பேர். ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை. ‘பிரைவசி’ என்ற வார்த்தையே அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. ஆனால், பாட்டி தினமும் சாயந்திரம் விளக்கேற்றிவிட்டுக் கொல்லைப்படியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சும்மா. அந்தக் கால் மணி நேரம் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம். பசித்தாலும் கூப்பிட மாட்டோம். அப்படி யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பெரியப்பா கோபத்தில் இருந்தால் ஈஸிசேரைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அந்த நாற்காலியைச் சுற்றி ஒரு காடே முளைத்துவிடும். புதிதாகக் கல்யாணமான சித்தப்பாவுக்காக மற்றவர்கள் எல்லோரும் ‘காத்து வரல’ என்று சொல்லிக்கொண்டு மொட்டை மாடிக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு. மார்கழியில்கூட!

அந்த வீட்டில் தனிமைக்கு என்று ஓர் இடம் இருந்ததே இல்லை. ஆனால், தனிமை இருந்தது. மற்றவர்கள் கொடுத்ததால் இருந்தது.

அமெரிக்காவில் 1964-ல் வனாந்தரப் பகுதிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே தனிமை கிடைக்க வேண்டும் என்பதையே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். நல்ல விஷயம். ஆனால், அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 35 பேர்தான். அதிலும் யோசெமிட்டி போன்ற இடங்களில் ‘ஆளில்லாத காடு’ என்பது அங்கிருந்த பூர்வகுடிகளை விரட்டிய பிறகு கிடைத்ததுதான். 555 பேருக்கு நடுவே வாழ்கிற நமக்கு அந்த வழி ஒத்துவராது. காலி இடம் என்று ஒன்று நம்மிடம் கிடையாது. நாம் தனிமை என்று நினைக்கிற ஒவ்வொரு பாதையும் ஒருவர் ரேஷன் கடைக்குப் போகிற வழி, ஒருவர் ஆடு ஓட்டுகிற வழி, இல்லாவிட்டால் யானை தண்ணீருக்குப் போகிற வழி.

ஆக, நம் ஊரில் தனிமை என்பது தேடிக் கண்டுபிடிக்கிற பொருள் இல்லை. மற்றவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு, காலைத் திருப்பிக்கொண்டு நமக்குக் கொடுப்பது. கொடுத்ததை வாங்கிக்கொண்டால் கடன். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கு பி.காம் தேவையில்லை.

எப்படிக் கட்டுவது? நான் யோசித்ததைச் சொல்கிறேன், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ரகசிய இடத்துக்காக அலைய வேண்டாம். கூட்டம் இடத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நம் ஜனங்கள் ரொம்ப ஒழுங்கு. எல்லோரும் சனி, ஞாயிறில்தான் வருவார்கள். பொங்கல், மே மாதம், ஆயுதபூஜை. பத்து மணிக்கு மேல். வண்டி நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நடைக்குள். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற, யாரும் சீந்தாத ஒரு கரட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊட்டியில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

காப்புக்காட்டுக்குள் போக ஆசையா? அனுமதியோடு போங்கள். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போக வேண்டும். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைகளின் பழங்குடி மக்கள். ‘வழிகாட்டி கூட வந்தா எப்படிங்க தனிமை?’ என்று கேட்காதீர்கள். அவர் உங்களைவிடக் குறைவாகத்தான் பேசுவார்.

அடுத்தது, அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, ‘இந்தப் பக்கம் நடக்கலாமா? யாருக்காவது தொந்தரவா?’ என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் அந்தப் பாட்டியின் ஓடை பிழைத்திருக்கும். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால்தான் 2022-ல் நீலகிரி மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பாட்டிலுக்கு டெபாசிட் கட்டலாம். அமைதிக்கு அப்படி ஒரு டெபாசிட் இல்லை. உடைத்தால் உடைத்ததுதான்.

கடைசியாக, சொல்வது. சொல்லலாம். ஆனால், சொல்வது வேறு, தண்டோரா போடுவது வேறு. கேட்கிற ஒருவருக்கு, அவர் யாராக இருந்தாலும், முகம் பார்த்துச் சொல்லலாம். சொல்லும்போதே ‘பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடுங்க, அது பொம்பளைங்க குளிக்கிற நேரம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தண்டோராவில் இடம் மட்டும்தான் போய்ச் சேரும். நிபந்தனை போய்ச் சேராது. 750 ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடம் அது. கொடுத்தது நான் அல்ல என்பது வேறு விஷயம்.

*

ஜவுளிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். போனில் நம்பர் இருந்தது.

‘‘உங்களுக்கு எந்தக் கிழமை லீவு?’’

‘‘செவ்வாய் சார். அதான் பிரச்னையே. வீட்டுல எல்லாரும் இருக்கிற ஞாயித்துக்கிழமை நான் கடையில இருப்பேன். எனக்கு லீவுங்கறப்ப யாருக்கும் லீவு கிடையாது.’’

‘‘உங்ககிட்ட ஒரு பெரிய சொத்து இருக்குங்க. அது உங்களுக்கே தெரியல’’ என்றேன்.

இடத்தைச் சொன்னேன். திங்கள் ராத்திரி கடை மூடியதும் எந்த பஸ், விடிகாலையில் எங்கே இறங்குவது, எந்த டீக்கடை என்று எல்லாம். அது காப்புக்காடு இல்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆடு மேய்க்கிறவர்கள் நடக்கிற பாதை. அதற்குரிய நிபந்தனைகளையும் சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

போன வாரம் பேசினார்.

‘‘என்ன பார்த்தீங்க?’’

‘‘ஒண்ணும் பாக்கல சார். ஒரு பாறையில சும்மா உக்காந்திருந்தேன். ரெண்டு ஆடு வந்து பாத்துட்டுப் போச்சு. அப்பறம் கொஞ்ச நேரம் தூங்கிட்டேன். பகல்ல நான் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா சார்?’’ சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: ‘‘வீட்டுக்கு வந்தா, பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சுட்டிருந்தா. தட்டலாம்னு கை வெச்சவன், எடுத்துட்டேன். போயி வாசப்படியில உக்காந்துட்டேன். அவ பாட்டுக்கு இருக்கட்டும்னு.’’

மற்ற பதினாறு பேருக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். பதினாறு பேருக்கும் ஒரே இடத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். எல்லோருக்கும் நியாயமாக நடந்துகொண்டு அந்தப் பாதையையும் காப்பாற்றுவதற்கு ஒரு சூத்திரம் என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். எனக்கும் வார நாளில்தான் ஒழிவு கிடைக்கும். பெரும்பாலும் செவ்வாய். அந்தப் பாதைக்கு நான் இனிமேல் செவ்வாய்க்கிழமை போவதில்லை.